வேலூர் வெயிலும் வீட்டு வெளிச்சமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வீட்டு பிளான் போட்டுக் கொடுப்பதும் கட்டட வேலையைப் பார்த்துக்கொள்வதும் என் தொழில். மனை வாங்கின கையோடு வருகிறவர்கள், கடைக்கால் போட்ட பிறகு வருகிறவர்கள், குடிபுகுந்து ஒரு கத்திரி வெயிலைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சூரிய வெளிச்சத்தை வீட்டுக்குள் கொண்டுவருவது பற்றி இணையத்தில் நிறைய வீடியோக்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் குளிர் நாட்டு வீடுகள். அங்கே வெயில் விருந்தாளி. இங்கே அது கூப்பிடாமலே வந்து கூடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஆகையால் கீழே இருக்கிற பதில்கள் எல்லாம் நம் ஊருக்கு மட்டும்.

வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம் என்கிறீர்கள். இரண்டும் ஒன்றாகத்தானே வருகின்றன?

இல்லை. சூரியனிடமிருந்து நேராக வந்து விழுவது வெயில். அது வானத்திலும், எதிர்வீட்டுச் சுவரிலும், தரையிலும் பட்டுச் சிதறி வருவதுதான் நாம் வெளிச்சம் என்று சொல்வது. சூடு அதிகம் சுமந்து வருவது முதலாவது.

அளவைப் பாருங்கள். உச்சி வேளையில் வெட்டவெளியில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் இருக்கும். பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க 300 லக்ஸ் போதும். வெளியே கொட்டிக் கிடப்பதில் ஒரு துளி உள்ளே வந்தால் போதும் என்கிறபோது, நேரடி வெயிலை உள்ளே விட்டுவிட்டு அப்புறம் ஏசி போட்டு விரட்டுவது வீண் செலவு. வானம் தெரிய வேண்டும், சூரியன் தெரியக் கூடாது. நம் ஊரில் நல்ல ஜன்னல் என்றால் அதுதான். விடிகாலை வெயில் மட்டும் விதிவிலக்கு.

வேலூரில் சூரியன் எந்த மாதம் எந்தப் பக்கம் இருக்கும்?

இதைப் புரிந்துகொண்டால் மீதிக் கேள்விகளில் பாதி தேவைப்படாது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வேலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 12.9 டிகிரியில் இருக்கிறது. இந்த இடத்தில் சூரியன் வருஷத்துக்கு இரண்டு முறை நேர் உச்சிக்கு வரும்: ஏப்ரல் 24 வாக்கில் ஒரு முறை, ஆகஸ்ட் 18 வாக்கில் ஒரு முறை. அன்றைக்கு உச்சி வேளையில் கம்பத்துக்கு நிழலே விழாது. இந்த இரண்டு நாளுக்கும் நடுவில், சுமார் நான்கு மாதம், சூரியன் காலையிலிருந்து மாலை வரை நமக்கு வடக்கேதான் இருக்கும். ஜூன் 21 அன்று நடுப்பகலில்கூட அது உச்சிக்கு வடக்கே 10 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்கும்.

அதாவது மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மாதக் கடைசி வரை போகிற கத்திரி முழுக்க, தெற்குச் சுவர் மேல் நேரடி வெயில் ஒரு நிமிஷம்கூடப் படாது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. மே மாதம் உங்கள் வீட்டுத் தெற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

மார்கழியில் கதை தலைகீழ். டிசம்பர் 21 வாக்கில் நடுப்பகல் சூரியன் தெற்கே, அடிவானத்திலிருந்து 53, 54 டிகிரி உயரத்தில் நிற்கும். உதிப்பதும் நேர் கிழக்கில் இல்லை. ஜூனில் நேர் கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும், டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளி. மேற்கில் மறைவதும் அப்படியே.

இன்னொன்று, நமக்கு உச்சி வேளை பன்னிரண்டு மணி இல்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்க ரேகையை வைத்துச் சொல்வது, நாம் 79.1-இல் இருக்கிறோம். சராசரியாக 12.13-க்குத்தான் சூரியன் உச்சியைத் தொடும். நவம்பர் தொடக்கத்தில் 11.57-க்கே தொட்டுவிடும், பிப்ரவரியில் 12.28 வரை தள்ளிப் போகும். விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்குப் போனால் அங்கே கல்லில் செதுக்கின அரைவட்டச் சூரியக் கடிகாரத்தைப் பாருங்கள். அதன் மேல் குச்சி வைத்தால் நிழல் விழுகிற கோடு நேரத்தைச் சொல்லும். கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுவிட்டு கல் தப்பாகக் காட்டுகிறது என்பார்கள் சிலர். கல் நம் ஊர் நேரத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

தெற்கு ஜன்னல் வைக்கக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?

வெயில் கணக்கில் பார்த்தால் வேலூரில் மிகச் சுலபமாகச் சமாளிக்கக்கூடிய பக்கம் தெற்குதான். மேலே சொன்னபடி கோடையில் அந்தப் பக்கம் வெயிலே இல்லை. மற்ற மாதங்களில் நடுப்பகல் சூரியன் உயரத்தில் இருப்பதால் சாதாரண சன்ஷேடே தடுத்துவிடும்.

4 அடி உயர ஜன்னலுக்கு நேர் மேலே 2 அடி நீட்டி சன்ஷேடு போட்டால், மார்ச், செப்டம்பர் நடுப்பகலில் ஜன்னல் முழுக்க நிழல். டிசம்பர் நடுப்பகலில் நிழல் 2.7 அடி வரைதான் இறங்கும், கீழே ஒண்ணேகால் அடி வெயில் உள்ளே வரும். மார்கழிக் குளிரில் அந்த வெயில் யாருக்குக் கசக்கும்? சன்ஷேடு ஒன்றரை அடிதான் என்றால் டிசம்பரில் ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு வெயில் வரும். அதுவும் பரவாயில்லை.

பெரியவர்களிடம் வாதாடி ஜெயிக்க வேண்டாம். வாசல்தான் தெற்கே வேண்டாம் என்பார்கள், ஜன்னலுக்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

வடக்குப் பக்கம் வெயிலே படாது, பெரிய கண்ணாடி வைக்கலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். சரியா?

இங்கே பாதிதான் சரி. மார்ச் 21-இலிருந்து செப்டம்பர் 23 வரை காலை வெயிலும் மாலை வெயிலும் வடக்குச் சுவரை உரசிக்கொண்டு போகும். மே, ஜூன் மாலைகளில் நன்றாகவே தெரியும். ஆனால் இது சாய்ந்து வருகிற வெயில். ஜன்னலின் மேற்குப் பக்க ஓரத்தில் ஓர் அடி அகலத்துக்கு நிமிர்ந்த பலகை போல ஒரு கான்கிரீட் துடுப்பு வைத்தால் பெரும்பகுதி நின்றுவிடும். மேலே வழக்கமான சன்ஷேடு. இந்த இரண்டும் இருந்தால் வடக்கு ஜன்னலை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் வையுங்கள். படிக்கிற அறை, தையல் மிஷின் போடுகிற இடம், இவற்றுக்கு வடக்கு வெளிச்சம் மாதிரி வராது. நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும்.

எங்கள் மனை மேற்குப் பார்த்தது. மாற்ற முடியாது. என்ன வழி?

கஷ்டமான மனைதான், ஒளிப்பதற்கில்லை. மே மாதம் மாலை 5 மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 20 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அந்த நேரம் 2 அடி சன்ஷேடு ஜன்னலின் மேல் முக்கால் அடியை மட்டும் மறைக்கும். மீதி எல்லாம் நேராக உள்ளே. சன்ஷேட்டை 4 அடியாக நீட்டுகிறேன் என்று சிலர் கிளம்புகிறார்கள். அப்படி நீட்டினாலும் ஒன்றரை அடிதான் மறையும். மேற்கு வெயிலை மேலிருந்து தடுக்க முடியாது, எதிரே நின்றுதான் தடுக்க வேண்டும்.

ஜன்னல் மட்டும் இல்லை, சுவரும் பிரச்சினைதான். 9 அங்குல செங்கல் சுவர் வெளியே வாங்கின சூட்டை உள்ளே தள்ள ஆறேழு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பிற்பகல் 3, 4 மணிக்கு வாங்கினதை ராத்திரி 10 மணிக்குக் கட்டிலுக்குக் கொடுக்கும். "வெளியே சில்லென்று இருக்கிறது, உள்ளே வேகுது" என்று சொல்கிற வீடுகளைப் போய்ப் பாருங்கள். தலைமாட்டில் மேற்குச் சுவர் இருக்கும்.

நான் செய்வது இது. படிக்கட்டு, போர்ட்டிகோ, குளியலறை, சாமான் அறை, இவற்றில் எதையெல்லாம் மேற்கே தள்ள முடியுமோ தள்ளிவிடுவேன். நாம் உட்காராத, படுக்காத இடங்கள் வெயிலை வாங்கிக்கொள்ளட்டும். வாசல் மேற்கே வந்துதான் ஆக வேண்டும் என்றால், வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே ஆழமான திண்ணை போட்ட தாழ்வாரம். 6 அடி ஆழம் கிடைத்தால் நல்லது. அதன் வெளி ஓரத்தில் சுடுமண் ஜாலியை (ஓட்டை ஓட்டையான தடுப்பை) இடுப்புக்கு மேல் கட்டிவிட்டால் காற்று வரும், வெளிச்சம் பொடிப்பொடியாக வரும், வெயிலின் வேகம் அடங்கிவிடும். ஜாலி கட்டும்போது கொத்தனார் ஓட்டைகளைச் சிறிதாக்கி அழகு பார்ப்பார். அது சிமெண்ட் சுவர் மாதிரி ஆகிவிடும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடத்துக்கான வெளிச்சத்தை மேற்கிலிருந்து எதிர்பார்க்காதீர்கள். வீட்டின் பின்பக்கம் கிழக்கு. அங்கே பெரிய ஜன்னல் வைத்து அதையே முக்கியமான பக்கமாக நடத்துங்கள். தெருவைப் பார்க்கிற பக்கம்தான் முன்பக்கம் என்பது விருந்தாளிக்கு. வீட்டில் இருக்கிறவர்களுக்கு இல்லை.

வாஸ்துப்படி கன்னி மூலையில் படுக்கையறை. அது சூடாக இருக்கிறதே?

கன்னி மூலை தென்மேற்கு. மேற்குச் சுவர் கட்டாயம் அந்த அறைக்கு வந்து சேரும். வாஸ்து சொல்கிற சில விஷயங்கள் வெயில் கணக்கோடு ஒத்துப் போகின்றன: ஈசானிய மூலையைத் திறந்து வைப்பதால் காலை வெளிச்சம் வருகிறது, அக்னி மூலைச் சமையலறைக்கு இளவெயில் கிடைக்கிறது. இந்தப் படுக்கையறை விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் வீட்டுக்காரர் விருப்பம் என்று ஒன்று இருக்கிறதே.

அப்போது செய்யக்கூடியது: மேற்குச் சுவரில் ஜன்னலே வேண்டாம். அந்தச் சுவர் நீளத்துக்கும் தரையிலிருந்து லாஃப்ட் வரை துணி அலமாரி. சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே 2 அடி தடுப்பு கிடைத்துவிடும். ஜன்னலைத் தெற்கே வையுங்கள். கட்டிலின் தலைமாடு தெற்கே இருக்கலாம், அதற்கு வாஸ்துக்காரரும் சம்மதிப்பார்.

20-க்கு 40 மனை. இரண்டு பக்கமும் வீடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடு அறையில் பகலிலும் லைட் போட வேண்டியிருக்கிறது.

இதுதான் இப்போது அதிகம் வருகிற கேள்வி. கொசப்பேட்டை மாதிரி பழைய தெருக்களிலும் இப்படி, புதிய நகர்களிலும் இப்படி. இருட்டுக்குக் காரணம் ஒரு எளிய அளவு: ஜன்னலின் மேல் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தூரம்தான் வெளிச்சம் பயன்படும்படி உள்ளே போகும். லிண்டல் 7 அடியில் இருந்தால் 14-இலிருந்து 17 அடி. 40 அடி நீள வீட்டில் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் வந்தது போக, நடுவில் ஒரு பட்டை இருண்டே கிடக்கும். அறைகளுக்குக் குறுக்குச் சுவர் வைத்துவிட்டால் இன்னும் மோசம்.

முதல் வழி, உயரம். பழைய வீடுகளில் உத்தரத்துக்குக் கீழே சின்ன வெண்டிலேட்டர் வைத்தது காற்றுக்கு மட்டும் இல்லை, வெளிச்சத்தை ஆழமாக அனுப்பவும்தான். இப்போது அதை மூடிவிட்டு ஃபால்ஸ் சீலிங் போடுகிறார்கள். உள் அறைக் கதவுகளுக்கு மேலே கண்ணாடி வைத்தால், ஓர் அறைக்கு வந்த வெளிச்சம் அடுத்த அறைக்கும் போகும். செலவு கொஞ்சம்தான்.

இரண்டாவது, வீட்டுக்கு நடுவே வானம் பார்த்த ஒரு டக்ட். பிளானில் ஓ.டி.எஸ் என்று குறிப்பார்கள். 4-க்கு 4 அடிக்குக் குறைந்தால் குழாய் இறக்கத்தான் உதவும், கீழ்த்தளத்துக்கு வெளிச்சம் இறங்காது. அதன் உள்சுவர்களுக்கு வெள்ளை தவிர வேறு நிறம் வேண்டாம். ஏசி அவுட்டோர் யூனிட்டை அதற்குள் மாட்டாதீர்கள். அனல் காற்று போக வழியில்லாமல் பக்கத்து அறை ஜன்னல் வழியாகத் திரும்ப வீட்டுக்குள்ளேதான் வரும்.

மூன்றாவது, எனக்குப் பிடித்த வழி, படிக்கட்டு. மாடிப்படியை வீட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து, மேலே ஹெட்ரூமில் (மொட்டைமாடியில் படிக்கு மேலே கட்டுகிற சின்ன அறையில்) வடக்கிலும் தெற்கிலும் ஜன்னல் வையுங்கள். வெளிச்சம் படி வழியாகக் கீழே இறங்கும், சூடான காற்று அதே வழியாக மேலே ஏறி வெளியே போகும். எப்படியும் ஹெட்ரூம் கட்டத்தான் போகிறோம். அதில் இரண்டு ஜன்னல் கூடுதலாக வைப்பது பெரிய செலவே இல்லை. பெரும்பாலான வீடுகளில் அந்த ஹெட்ரூமுக்கு ஒரு இரும்புக் கதவு மட்டும் இருக்கும், நான்கு பக்கமும் மூடின சுவர். வீட்டின் மிக நல்ல ஜன்னலை அங்கே இழந்துவிட்டிருப்பார்கள். மழைச்சாரல் வராதபடி சன்ஷேடும், குரங்கு வராதபடி கிரில்லும் போட்டுக்கொள்ளுங்கள். மலையை ஒட்டின தெருக்களில் கிரில் இல்லாமல் காலம் தள்ள முடியாது.

பக்கத்து வீட்டுச் சுவர் 3 அடி தள்ளி நின்றாலும் அதை வசதியாக்கிக்கொள்ளலாம். அந்தச் சுவருக்கு உங்கள் செலவிலேயே வெள்ளையடித்துத் தருவதாகக் கேட்டுப் பாருங்கள். அந்த வெளிச்சம் திரும்பி உங்கள் ஜன்னலுக்குத்தான் வரும்.

பழைய வீடு மாதிரி முற்றம் வைக்கலாமா?

இடம் இருந்தால் தாராளமாக. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் பழைய வியாபாரக் குடும்பத்து வீடுகளில் முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் ஓடும். வெயில் முற்றத்தில் விழும், வெளிச்சம் தாழ்வாரத்தைத் தாண்டி அறைக்குப் போகும். நடுவே இருக்கிற அந்தத் தாழ்வாரம்தான் வேலை செய்கிறது. இப்போது கட்டுகிறவர்கள் தாழ்வாரத்தை விட்டுவிட்டு, கூடத்தின் நடுவில் மேலே ஓட்டை போட்டுவிட்டு முற்றம் என்கிறார்கள். ஏப்ரலில் வெயில் நேர் செங்குத்தாக சோபா மேலே விழும்.

குடியாத்தத்தில் தறி போட்ட வீடுகளைப் பார்த்தால் இன்னொரு பாடம் கிடைக்கும். குழித்தறியில் உட்கார்கிறவருக்கு இழை தெரிய வேண்டும், நூல் மேல் வெயில் படக் கூடாது. ஜன்னல் தாழ்வாக, தறிக்குப் பக்கவாட்டில் இருக்கும். ஓட்டுக்கூரையில் ஒன்றிரண்டு கண்ணாடி ஓடு. இன்றைக்கும் ஓட்டு வீடு வைத்திருக்கிறவர்கள் சமையலறைக்கு மேலே ஒரு கண்ணாடி ஓடு மாற்றிப் போட்டால் பகல் முழுக்க லைட் வேண்டாம். ஒன்று போதும், நாலைந்து போட்டால் அடுப்பு இல்லாமலே வேகும்.

சின்ன முற்றமாக இருந்தால் வடக்கு அல்லது கிழக்கு ஓரத்துக்குத் தள்ளுங்கள். தண்ணீர் போக வாட்டமும், இலை அடைக்காத அளவுக்குப் பெரிய குழாயும் வேண்டும். ஐப்பசி மழை ஒரு மணி நேரம் கொட்டினால் சின்னக் குழாய் தாங்காது.

ஸ்கைலைட் கண்ணாடி அல்லது பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடலாமா?

போடாமல் இருந்தால் நல்லது. சூரியன் தலைக்கு மேலேயே போகிற ஊரில், மேலே பார்த்த கண்ணாடி கோடையில்தான் அதிக வெயிலை உள்ளே விடும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். அதே அளவு கண்ணாடியை நிமிர்த்தி, வடக்குப் பார்த்தோ தெற்குப் பார்த்தோ கூரைக்குக் கீழே வையுங்கள். வெளிச்சம் கிடைக்கும், அனல் குறையும்.

போட்டே ஆக வேண்டும் என்றால் தலைக்கு மேலே வருகிற கண்ணாடி லேமினேட்டட் ஆக இருக்கட்டும். டஃபன்டு மட்டும் போட்டால் உடைகிறபோது துண்டுகள் கீழே கொட்டும். லேமினேட்டட் என்றால் நடுவிலிருக்கும் படலம் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் சூடு வெளியேற இடைவெளி விட வேண்டும். மலிவான பாலிகார்பனேட் சில வருஷத்தில் மஞ்சளடித்துவிடும்.

ஒரு அறைக்கு ஜன்னல் எவ்வளவு இருக்க வேண்டும்?

தேசியக் கட்டட விதித்தொகுப்பு தரைப் பரப்பில் இத்தனை பங்கு என்று சொல்கிறது: உலர்ந்த வெப்பமான ஊர்களுக்குப் பத்தில் ஒன்று, ஈரமான வெப்ப ஊர்களுக்கு ஆறில் ஒன்று, இரண்டுக்கும் நடுவே எட்டில் ஒன்று. 10-க்கு 12 அறை என்றால் 120 சதுர அடி. எட்டில் ஒன்று 15 சதுர அடி, அதாவது 4-க்கு 4 ஜன்னல் ஒன்று தாராளம். நான் ஒரே பெரிய ஜன்னலைவிட இரண்டு சுவரில் இரண்டு ஜன்னல் வைக்கத்தான் சொல்வேன். ஒரே பக்கம் வெளிச்சம் வந்தால் கண் கூசும், எதிர் மூலை இருட்டாகத் தெரியும்.

ஜன்னலுக்குக் கருப்பு ஃபிலிம் ஒட்டினால் போதாதா?

வெளிச்சம் போகும், சூடு ஓரளவு மட்டுமே போகும். ஃபிலிம் வெயிலை வாங்கிக் கண்ணாடியைச் சுட வைக்கும். சில சமயம் சாதாரணக் கண்ணாடி அந்தச் சூட்டில் விரிசல் விடும். உள்ளே போடுகிற திரையும் இப்படித்தான். வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகு தடுத்து என்ன பயன்? மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ வெளியே தொங்கவிடுங்கள். சாயங்காலம் சுருட்டிவிடலாம்.

ஜன்னல் எல்லாம் சரியாக வைத்தோம். ஆனாலும் மேல்மாடி அடுப்பு மாதிரி இருக்கிறதே?

கோடையில் நம் ஊரில் சுவரைவிட அதிக வெயில் வாங்குவது கூரை. காங்கிரீட் ஸ்லாப் மேலே ஒன்றும் போடாமல் விட்டால் ராத்திரி ஃபேன் சூட்டைத்தான் கீழே தள்ளும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதிப்பது பழைய முறை, இன்றைக்கும் நல்ல முறை. இப்போது வெள்ளை கூலிங் டைல்ஸ் போடுகிறார்கள். பட்ஜெட் இல்லையென்றால் பங்குனியில் ஒரு முறை மெத்தை (மொட்டைமாடி) முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். மழையில் கரைந்துவிடும், அடுத்த வருஷம் திரும்ப அடிக்க வேண்டும். வெள்ளையில் பகலில் கண் கூசும், வடகம் காயப் போடப் போகிறவர்கள் திட்டுவார்கள்.

சோலார் பேனல் வைத்தாலும் அதன் கீழே ஸ்லாபுக்கு நிழல் கிடைக்கும். நம் ஊருக்குத் தெற்குப் பார்த்து 13 டிகிரி அளவு சாய்வு போதும். ஆள் நின்று பெருக்குகிற உயரத்தில் வையுங்கள், அடியில் காற்று ஓடும், மெத்தையும் வீணாகாது.

மேற்குப் பக்கம் மரம் வைத்தால்?

இதைவிட நல்ல தடுப்பு இல்லை. வேம்பும் புங்கனும் மாசி, பங்குனியில் இலை கொட்டிச் சித்திரைக்குள் தளிர்த்து நிற்கும். கத்திரிக்கு நிழல் தயார். சுவரிலிருந்து 10, 12 அடியாவது தள்ளி வையுங்கள். தென்னை உயரமாகப் போய்விடும், சுவருக்கு நிழல் தராது.

கொடிப் பந்தல் விஷயத்தில் ஒரு சங்கடம். எல்லோரும் அவரை போடுகிறார்கள். ஆடியில் விதைத்தால் மார்கழி, தையில்தான் பந்தல் நிறையும். நமக்கு வெயில் வேண்டிய மாதத்தில் மறைத்துவிட்டு, சித்திரையில் காய்ந்து நிற்கும். காய் வேண்டுமென்றால் அவரை, நிழல் வேண்டுமென்றால் ரங்கூன் மல்லியோ காகிதப்பூவோ.

காலை வெயில் உடம்புக்கு நல்லது என்று கிழக்கே பெரிய கண்ணாடி வைத்திருக்கிறோம். குழந்தைக்கு வைட்டமின் டி கிடைக்குமா?

மூடின கண்ணாடி வழியாகக் கிடைக்காது. தோலில் அதை உண்டாக்குகிற புற ஊதாக் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டாது. ஜன்னலைத் திறக்க வேண்டும், அல்லது வெளியே போக வேண்டும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் ஜன்னலோரம் கிடத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். கிழக்கு ஜன்னலுக்கும் தட்டி வேண்டும். மே மாதம் 8 மணிக்கே அது இளவெயில் இல்லை.

வாடகை வீட்டிலும் அடுக்குமாடியிலும் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

வீடு பார்க்கவே பிற்பகல் 4 மணிக்குப் போங்கள். தரகர் காலையில்தான் கூப்பிடுவார். எந்த அறையின் சுவரில் வெயில் அடிக்கிறது என்று பார்த்தாலே போதும். மேல்மாடி மேற்கு வீடு வாடகை குறைவாக இருந்தால் அந்த மிச்சம் கரண்ட் பில்லில் போய்விடும். குடியேறிவிட்டீர்கள் என்றால் மேலே வெள்ளைச் சீலிங், மேற்கு ஜன்னலுக்கு வெளியே தட்டி, கட்டிலை உள்சுவர்ப் பக்கம் நகர்த்துவது. கொசுவலையை மாதம் ஒரு முறை கழுவுங்கள். தூசு பிடித்த வலை வெளிச்சத்தையும் காற்றையும் தின்றுவிடும்.

பிளான் போடுவதற்கு முன் மனையில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் திசை. தெரு நேர் கிழக்கு என்று பத்திரத்தில் இருக்கும், பத்து இருபது டிகிரி திரும்பியிருக்கும். போன் காம்பஸ் பக்கத்தில் இரும்பு இருந்தால் உளறும். ஒரு குச்சியை நட்டு, அதைச் சுற்றிக் கயிறு கட்டி வட்டம் போடுங்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடுகிற இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் திரும்பத் தொடுகிற இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு கோடு. பழைய மேஸ்திரிகள் சங்கு (நிழல் பார்க்கிற குச்சி) நட்டுப் பார்த்தது இதுதான்.

அப்புறம் மலை. வேலூர் ஊருக்குக் கிழக்கே கோட்டை மலை நிற்பதால் அடிவாரத் தெருக்களுக்குச் சூரியன் தாமதமாகத்தான் ஏறி வரும். அங்கே காலை வெளிச்சத்தை நம்பி அறை போட வேண்டாம், வடக்கையும் தெற்கையும் நம்புங்கள்.

கடைசியாக, பக்கத்துக் காலி மனை. அதன் வழியாக வருகிற வெளிச்சம் உங்களுடையது இல்லை. அந்தப் பக்கம் இரண்டு மாடி எழுந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு பிளான் போடுங்கள். உங்கள் பக்கத்தில் விதிப்படி விட வேண்டிய இடைவெளியை முழுசாக விடுங்கள், அதில் ஷெட் போடாதீர்கள். மனையைப் பார்க்கக் காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை போய் நிழல் எங்கே விழுகிறது என்று போட்டோ எடுத்து, பிளான் போடுகிறவரிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். கடைக்கால் போட்ட பிறகு கொடுத்தால் அந்த போட்டோவை வைத்துக்கொண்டு எங்களால் தட்டிதான் கட்ட முடியும்.